பதினோரு வருடம் தீராத கேக்

"தொட்டுப் பாருங்கக்கா, இங்க தொட்டுப் பாருங்க, ஈரமா..."

"கேக்குன்னா ஈரமாத்தான் இருக்கும், காலங்காத்தால கத்தாத..."

"நேத்து மாமாவுக்கு வெட்டின இடம் இது, இந்தப் பக்கம் பாதி இல்ல, நானே பார்த்தேன்..."

"உனக்கு எதுதான் முழுசாத் தெரிஞ்சிருக்கு? நீ பார்த்தது வேற பக்கமா இருக்கும்..."

"வட்டத்துக்கு ஏதுக்கா வேற பக்கம்? பாதி கேக்கத் தின்னாச்சு. இப்ப முழுசா உக்காந்திருக்கு. அதத்தான் சொல்றேன்!"

வட்டத்துக்கு வேறு பக்கம் கிடையாதுதான். மூத்த மருமகள் புதன்கிழமை சுட்ட கேக், அதில் பாதியைக் குடும்பம் தின்று முடித்த பிறகு, வியாழக்கிழமை காலை பால் பாக்கெட் வருவதற்குள் மறுபடியும் முழுதாகியிருந்தது. அடுத்த பதினோரு வருடம் நான்கு மாதம் அது அப்படித்தான் முழுதாகிக்கொண்டிருந்தது. இரண்டு சாண் அகலம், நான்கு விரல் உயரம், உச்சியில் கோணலாக ஒரு வெடிப்பு. அந்த அளவு ஒருநாளும் கூடவில்லை, ஒருநாளும் குறையவில்லை. மழைக்காலம், வெயில்காலம், மின்சாரம் இருந்த நாள், இல்லாத நாள் என்ற பேதமும் அதற்கு இல்லை.

வேறொரு வீடாக இருந்தால் மூன்றாம் நாளே அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். இது டயர் கடைக்குப் பின்னால் இருந்த மூன்று அறை வீடு. வீட்டுத் தலைவரான மாமனார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். நோயாளிகள் தின்னாமல் வைத்த மிச்சத்தை வார்டு வார்டாக நிறுத்துப் பார்த்து, சமைத்தவரைக் கூப்பிட்டுத் திட்டுவதுதான் அவருடைய வேலை. ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் கடிகாரம் கொடுத்தார்கள், இவர் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தெருவில் அவருக்குப் பெயரே தராசு என்று ஆகிவிட்டது. வீட்டில் அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. காலையில் சமைத்தது தீராமல் மறுநாள் காலைக்குப் புதிதாக அடுப்பு எரியக்கூடாது. மத்தியானத்து மிச்சம் மத்தியானத்துக்கு, காலை மிச்சம் காலைக்கு. மிச்சத்தைச் சூடுபண்ணலாம், சமைக்கக்கூடாது. கேக் காலை உணவாகச் சுடப்பட்டது. ஆகவே கேக் தீரும்வரை அந்த வீட்டின் காலை உணவு கேக்தான். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமும் இல்லை, வியப்பும் இல்லை. "இருக்குல்ல? அப்ப தின்னுங்க" என்றார். அவ்வளவுதான்.

இளையவள் கல்யாணமாகி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பட்டறையில் அவளுக்கு வேலை. எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவாள். ஐந்தாம் நாள் விடியற்காலை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கேக்குக்கு எதிரே உட்கார்ந்தாள். முதலில் வெட்டுப்பட்ட இடம் வியர்த்தது. பிறகு அதிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசிந்தது. சிராய்த்துக்கொண்ட இடத்தில் இரண்டாம் நாள் வருமே, அந்த மாதிரி நீர். அதன்மேல் ஆறிய பாலில் படிவது போல மெல்லியதாக ஒரு தோல் படிந்தது. தோலுக்கு அடியில் கொப்புளங்கள் எழும்பி, உடைந்து, எழும்பி, உடைந்து, உள்ளே யாரோ மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்தது. கடைசியில் எல்லாம் பழுப்பேறி, ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி இறுகியது. முடிந்தபோது கேக் நாக்கைச் சப்புக்கொட்டியது போல ஒரு சின்ன ஓசை கேட்டதாக அவள் பிற்பாடு சொன்னாள். வீடு முழுக்க வெனிலா வாசனை. அவள் வாசலுக்கு ஓடி, சாக்கடையில் நேற்றைய கேக் முழுவதையும் கக்கினாள். மூத்தவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "விசேஷமா?" என்று கேட்டாள். விசேஷம் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

முதல் மாதம் தெருவே அந்த வீட்டில் காலை உணவு சாப்பிட்டது. மாடிவீட்டுக்காரி டப்பா கொண்டுவந்தாள், டயர் கடைப் பையன்கள் ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்தார்கள், தபால்காரர் பைக்குள் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போனதில் ஒரு வாரத்துக் கடிதங்கள் எண்ணெய்க் கறையோடு வந்தன. மூத்தவளுக்குக் கால் தரையில் படவில்லை. அதற்குமுன் அவள் செய்த எதையும் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. அவள் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியை வைத்துப் போஸ்டர் ஒட்டலாம் என்று கொழுந்தன் சொன்னதும், அவள் போட்ட ஆம்லெட்டை மாமனார் கரண்டியால் தட்டிக் காட்டியதும் உண்டு. இப்போது ஊர் வந்து வாசலில் நிற்கிறது. "அண்ணி கை பட்டா போதும், வளந்துக்கிட்டே இருக்கும்" என்று கொழுந்தனே சொன்னான். இரண்டாம் மாதம் டப்பாக்கள் குறைந்தன. மூன்றாம் மாதம் மாடிவீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். "தப்பா நெனைக்காதீங்க, உங்க வீட்டுப் பக்கம் வந்தாலே நாக்குல மயிர் மொளச்ச மாதிரி இருக்கு" என்றாள். தெருநாய் முகர்ந்து பார்த்துவிட்டு, தும்மிவிட்டு, டயரில் போய்ப் படுத்துக்கொண்டது. எறும்புகள் தட்டைச் சுற்றி வளைந்து போவதற்கென்றே தனிப்பாதை போட்டுக்கொண்டன.

வீட்டிலிருந்தவர்களுக்கு வளைந்து போக வழி இல்லை. மூத்தவள் அந்தக் கேக்கை என்னென்னவோ பண்ணிப் பார்த்தாள். துண்டு போட்டு வாட்டினாள், பாலில் ஊறவைத்தாள், உதிர்த்துக் கஞ்சியாக்கினாள், உருண்டை பிடித்து மறுபடி சுட்டாள், ஜாமைத் தடவி இரண்டாக மடித்தாள், பழத்தைப் பிசைந்து நடுவில் வைத்தாள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் ஆகிற பண்டங்கள், எல்லாம் வாயில் போட்டால் ஒரே பண்டம். இரண்டாவது வருடம் தின்றவர்களின் நாக்கில் வெள்ளையாக ஒரு படிவு, தடவினால் கம்பளி போல இருந்தது. தலையணை உறை வெனிலா வாசனை, மூத்திரம் வெனிலா வாசனை, கோபம் வந்து துப்பினால் துப்பலில் வெனிலா வாசனை. குளிக்கும்போது அக்குளில் சோப்பு நுரைக்காமல் பிசுபிசுவென்று பாகு போல வழிந்தது. மாமனாரும் பிள்ளைகளும் இளையவளும் உப்பி, மோவாய்க்கு அடியில் இன்னொரு மோவாய் வைத்தார்கள். இளையவளுக்குப் பட்டறையில், பசை டப்பாவைத் திறக்கும்போது மூக்கில் ஏறுகிற அந்த நெடியில்தான் பசியே எடுத்தது. அவளுக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காலையில், அந்தச் சமையலறையில், தன் கையால் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் தூவித் தின்ன வேண்டும். அதை மாமனாரிடம் கேட்டும் பார்த்தாள். "இது தீந்ததும் தாராளமா" என்றார் அவர்.

இந்த முட்டையால்தான் மூத்தவளின் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், நாளெல்லாம் ஏதாவது ஒரு கட்டிடத்தின் குழிக்குள் இருப்பார். ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தவரை மூத்தவள் நிறுத்தி, மீசையை முகர்ந்தாள்.

"எங்க போய்ட்டு வர்றீங்க?"

"வேலைக்குத்தான்."

"வேலையில முட்டை பொரிக்கிறாங்களா?"

"ஒரே ஒரு நாள்தான். கேன்டீன்ல எல்லாரும் சாப்பிட்டாங்க. நானும்..."

"எத்தன நாளா நடக்குது இது?"

எட்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. மூத்தவள் மூன்று நாள் பேசவில்லை, தலைவாரவில்லை, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியை எடுத்து நடுவீட்டில் வைத்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கொழுந்தன் வந்து, "அண்ணி, வேற பொம்பளைய இல்ல, வெறும் முட்டையத்தானே..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் அவித்த முட்டையோடு அப்படியொரு பழக்கம் இருந்தது. அன்றோடு அதை விட்டுவிட்டான்.

இளையவள் அதே வருடம் ஒரு காரியம் செய்தாள். மாமனார் நடைக்குப் போன நேரம் பார்த்து, கேக்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனையில் நின்ற குப்பை லாரிக்குள் வீசினாள். லாரியின் இரும்புப் பல் அதைக் கூழாக்குவதை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். ஒரு துணுக்கும் மிஞ்சக்கூடாது என்று வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்தாள், தரையைத் தேய்த்தாள், எல்லோர் நகத்தையும் வெட்டினாள், சீப்பை வெந்நீரில் போட்டாள். கிடங்குக்குப் போன கேக் சாதாரணக் கேக் மாதிரியே ஒரு மாதத்தில் புழு வைத்து அழுகிவிட்டதாக லாரிக்காரர் சொன்னார். தீராத குணம் அதற்கு அந்த வீட்டுக்குள் மட்டும்தான். ஆனால் மறுநாள் காலை மாமனாரின் அறையில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அவர் பல்செட்டைக் கழற்றிப் போட்டிருந்த டம்ளர் சிதறிக் கிடந்தது. ஸ்டூல்மேல் இரண்டு சாண் அகலத்தில், நான்கு விரல் உயரத்தில், கேக் உட்கார்ந்திருந்தது. உச்சி வெடிப்பில் பல்செட் பாதி புதைந்து, கேக்கே இளிப்பது போல இருந்தது. பல்லிடுக்கில் ஒரு துணுக்கு தங்கியிருந்திருக்கிறது. மாமனார் இளையவளை ஒரு பார்வை பார்த்தார். விரலை விட்டுப் பல்செட்டை வழித்து எடுத்தார், துடைக்காமல் வாயில் மாட்டினார், இரண்டு முறை கடித்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டார். "கண்ணாடித் துண்டெல்லாம் பொறுக்கிட்டு வெட்டுங்க" என்றார். அன்றைக்கு அதைத்தான் தின்றார்கள்.

மூன்றாம் வருடம் இளையவளுக்குப் பெண் பிறந்தது. பிறந்த குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்த நர்ஸ், "அட, யாராவது பேக்கரியிலிருந்து வந்திருக்கீங்களா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். குட்டி என்று கூப்பிட்டார்கள். மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை. குட்டியைக் குளிப்பாட்டியதும் தூக்கித் திரிந்ததும் பெரும்பாலும் அவள்தான். பெரியம்மா என்றால் குட்டிக்கு உயிர். பால்பல் முளைக்கும்போதே பழுப்பாக முளைத்தது, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. பல் டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னார். "எத நிறுத்தறது டாக்டர், அது நிக்க மாட்டேங்குது" என்றாள் இளையவள். நான்கு வயதில் குட்டி வாசற்படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். ரத்தம் வரவில்லை. முதலில் வியர்த்தது, பிறகு மஞ்சளாக ஒரு நீர் கசிந்தது, பிறகு ஒரு தோல் படிந்து, கொப்புளம் எழும்பி, பத்து நிமிடத்தில் பொன்னிறமாகப் பொருக்குக் கட்டி, வீடு மணத்தது. இளையவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்தவள் குழந்தையின் காலைத் தன் மடியில் தூக்கிவைத்து, விரலால் தட்டிப் பார்த்து, பிரியத்தோடு சொன்னாள்: "நல்லா வெந்திருக்கு."

அன்று முதல் இளையவளுக்கு வேண்டியது முட்டை இல்லை. குட்டி முழுவதும் கேக்காகிவிடுவதற்கு முன்னால் கேக் தீர வேண்டும், இல்லையென்றால் குட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். போவதற்கு அவள் புருஷன், அந்த லென்ஸ் தேய்க்கிறவன், ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா இருக்கிறவரைக்கும்..." என்று இழுத்தான். அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, பிறந்ததிலிருந்து அவன் தட்டின் மிச்சத்துக்குக் கணக்குக் கொடுத்துத்தான் வளர்ந்திருக்கிறான்.

அப்பா ஏழாம் வருடம் செத்துப்போனார். காலை உணவுக்கு உட்கார்ந்தவர், நான்காவது துண்டில், மெல்லுவதை நிறுத்தினார். உடல் மூன்று நாள் வைத்திருந்தும் கெடவில்லை. கெடாதது ஒருபுறம் இருக்கட்டும், அதைச் சுற்றி நின்றவர்களுக்கு வாயில் எச்சில் ஊறியதுதான் கேவலமாகப் போயிற்று. தூக்க வந்த ஆஸ்பத்திரிக்காரர்களில் ஒருவர் நடுவழியில் நின்று, "பசிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று புரிந்ததும் ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், இனி யாரைக் கேட்க வேண்டும் என்று இளையவள் காலையில் வாணலியை அடுப்பில் வைத்தாள். பற்றவைக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து வாணலியை இறக்கியது. மூத்தவள். இன்னொரு கையில் தராசு இருந்தது. "இன்னும் தீரலியே" என்றாள். இளையவளுக்கு அவள் குரலில் மாமனாரின் இருமல்கூடக் கேட்டது.

அதற்குப் பின்னும் நான்கு வருடம் போயிற்று. குட்டிக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவளைப் பன்னு என்று கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் இளையவளை வரச்சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மேசைமேல் இருந்த டஸ்டரை நாலுதரம் நகர்த்தி வைத்தார். விஷயம் இதுதான். இடைவேளையில் பசித்திருக்கிறது. குட்டி முழங்கால் பொருக்கைக் கிள்ளித் தின்றிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாளாம், அவளுக்கும் ஒரு துண்டு. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும். வாரம் முழுக்க நடந்திருக்கிறது. கிள்ளக் கிள்ள வளர்வதால் யாருக்கும் குறை வைக்கவில்லை. "பிள்ளைங்க ருசியா இருக்குன்னுதான் சொல்றாங்க" என்று டீச்சர் முடித்தார், அதைச் சொல்லும்போதே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இளையவள் பெட்டி கட்டினாள். இரண்டு ஆண்களும் மேசையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், கேக் நடுவில் இருந்தது, அன்றைக்கும் முழுதாக. மூத்தவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். இளையவள் தன் பக்கம் இழுத்தாள்.

"குட்டிய எங்கடீ கூட்டிட்டுப் போற?"

"ஒரு அடுப்பு இருக்கிற இடத்துக்கு!"

"இங்க அடுப்பு இல்லியா?"

"இங்க இருக்கறது அடுப்பா? பதினோரு வருஷமா காலையில சுடுதண்ணிக்கு மேல என்ன பாத்திருக்கு அது? என் பொண்ணு முழங்காலை வகுப்பே தின்னிருக்குக்கா! வகுப்பே!"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் ஆசையா ஒரு கேக்கு சுட்டேன், வாழ்க்கையில ஒரே ஒரு தடவ எனக்கு ஒழுங்கா வந்துச்சு, அதப் பொறுக்கலையா உனக்கு? வந்த நாள்லருந்து பாக்கறேன், வெட்டின இடம் ஈரமா இருக்கு, ஈரமா இருக்குன்னு..."

மூத்தவள் கத்தியபோது வாய் விரியத் திறந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இளையவள் பெட்டியை விட்டுவிட்டாள்.

"அக்கா, வாயத் திறங்க."

"என்னது?"

"இப்பக் கத்துனீங்கல்ல, அதே மாதிரி திறங்க."

இளையவளுக்கு அப்போது மிஞ்சியிருந்தது பதினேழு பல். லென்ஸ் தேய்க்கிறவனுக்கு முன்பக்கம் நான்கு இல்லை. லிஃப்ட்காரர் ஒருபக்கமாகத்தான் மெல்லுவார். குட்டிக்கு விழுந்து முளைத்ததும் பழுப்பு. மூத்தவளுக்கு மட்டும் முப்பத்திரண்டும் வெள்ளைவெளேரென்று, கடையில் மாட்டிவைத்த மாதிரி வரிசையாக இருந்தன. நாக்கு செக்கச்செவேரென்று இருந்தது. அவள் மட்டும் உப்பவில்லை என்பதும் அந்த நிமிடத்தில்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"நீங்க இத ஒரு நாளும் தின்னதில்ல."

"நான் எல்லாருக்கும் போட்டுட்டு, அப்புறம் சாப்பிடுவேன்ல..."

"பதினோரு வருஷமா அப்புறமா?"

மூத்தவள் பெட்டிமேல் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவள் என்ன தின்றாள் என்று எந்த மேசையிலும் யாரும் பார்ப்பதில்லை. அவள் தன் பங்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போவாள், சர்க்கரை போடாத டீயைக் குடிப்பாள், பங்கைத் திரும்பக் கொண்டுவந்து மூடிக்கு அடியில் வைத்துவிடுவாள். மத்தியானம் வரைக்கும் அவளுக்கு அந்த டீதான். ஏன் என்று லிஃப்ட்காரர் கேட்டார். 

"அதுல என்ன போட்டேன்னு எனக்குத் தெரியும்ல. தெரிஞ்சுகிட்டு எப்படிங்க திங்கறது?"

பிறகு சொன்னாள். மாமனார் தினமும் காலை மிச்சத்தை நிறுத்து, எடையை வீடு முழுக்கக் கேட்கும்படி கத்துவார். அந்தக் காலத்தில் அவள் சமைத்ததில் மிச்சமாகாதது எதுவுமில்லை. எடை பூச்சியமானால் வாயை மூடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லோர் தட்டையும் ஒரு ஜாடியில் வழித்தாள். ஆம்லெட்டின் கருகிய ஓரம், கஞ்சியில் மிதந்த ஆடை, கடித்துவிட்டு வைத்த ரொட்டிக் கரை, மாமனார் மென்று துப்பிய ஆப்பிள் தோல், கொழுந்தன் டீயில் நனைத்து டம்ளர் அடியில் கரைந்துபோன பிஸ்கட், இளையவளுக்கு மசக்கை என்று எல்லோரும் நினைத்த நாட்களில் அவள் வாயில் வைத்து எடுத்த கவளம். நாற்பது நாள். ஜாடியை ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில், யாரும் எடுக்காத ஊறுகாய்க்குப் பின்னால் வைத்திருந்தாள். நாற்பதாம் நாள் ஜாடி நிறைந்தது. மூடியைத் திறந்தபோது அது நுரைத்துப் பொங்கி, கூழாக இருந்தது. கொட்டலாம் என்றால் குப்பைக்கூடையையும் நிறுப்பார். அதனால் ஒரு கிலோ சர்க்கரையும், ஒரு பாட்டில் வெனிலாவும், ஐந்து முட்டையும் ஊற்றிக் கலக்கிச் சுட்டுவிட்டாள்.

லிஃப்ட்காரர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டிமேல் குனிந்தார். தம்பி அவர் முதுகைத் தடவிவிடப் போய், தானும் குனிந்தான். பதினோரு வருடம் உள்ளே போனது முழுவதும் வெளியே வருவதற்கு அந்தத் தொட்டி போதாது என்று தெரிந்தும் இரண்டு பேரும் முயற்சி செய்தார்கள்.

"தாத்தா எச்சிலும் இருக்கா பெரியம்மா?" என்று குட்டி கேட்டாள்.

"இருக்கு கண்ணு."

"அப்பாவோடது?"

"இருக்கு."

குட்டி யோசித்துவிட்டு, "உங்களோடது?" என்றாள். மூத்தவளுடையது மட்டும் அதில் இல்லை. அவள் தட்டில் ஒருநாளும் மிச்சம் இருந்ததில்லை.

இளையவள் கத்தியை எடுத்தாள். அவளுக்கு வாந்தி வரவில்லை, வாந்தியெல்லாம் ஐந்தாம் நாளே முடிந்திருந்தது. கேக்கை வெட்டினாள், ஒரு துண்டைத் தட்டில் வைத்தாள், மூத்தவளுக்கு முன்னால் நகர்த்தினாள்.

"சுட்ட அன்னிக்கு அஞ்சு பேர் இருந்தோம். அஞ்சு பேருக்கும் பங்கு. நாலு பேர் அவங்கவங்க பங்கத் தின்னாச்சு, செத்தவர்கூடத் தின்னுட்டுத்தான் செத்தார். அஞ்சாவது பங்கு இன்னும் தட்டுலயே இருக்கு. எப்படிக்கா தீரும்?"

"என்னால முடியாதுடீ."

"முடியாதுன்னா நான் பெட்டிய எடுக்கறேன்."

மூத்தவள் குட்டியைப் பார்த்தாள். குட்டி பாவாடையை மேலே தூக்கி, முழங்காலைப் பெரியம்மாவிடம் காட்டினாள். அதற்கு அவள் எந்த அர்த்தமும் வைக்கவில்லை, அரித்தது, சொறிந்துகொண்டாள். உதிர்ந்த தூளை விரலில் ஒற்றி வாய்க்குக் கொண்டுபோனாள். மூத்தவள் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

மறுநாள் காலை பால் பாக்கெட் வந்தபோது கேக் முழுதாகியிருக்கவில்லை, மிச்சத் துண்டுகளும் காணாமல் போய், தட்டு வெறும் தட்டாக இருந்தது. இளையவள் ஏழு முட்டை உடைத்தாள், அதில் இரண்டு தீய்ந்தன, பதினோரு வருடத்தில் கைப்பழக்கம் போயிருந்தது. தராசைப் பழைய இரும்பு வாங்கும் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். குட்டியின் முழங்கால் மட்டும் மாறவில்லை. அவளோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது. மழைக்காலத்தில் கொஞ்சம் நமத்துப்போகும், வெயில்காலத்தில் மொறுமொறுப்பாக இருக்கும். துணிக்கடையில் நீளமான பாவாடையாகக் கேட்பாள். ஏன் என்று கேட்பவர்களிடம் காரணத்தை உள்ளபடி சொல்வாள், அவர்களும் சரி என்று நீளமாக எடுத்துக் கொடுப்பார்கள். கல்யாணம் பேச வந்தவர்களிடமும் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு இனிப்புப் பிடிக்காது என்பதால் அவர்களுக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை.

இவையெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூத்தவள் துண்டை இரண்டு விரலால் எடுத்தாள், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது மாதிரி. கண்ணை மூடினாள். மூக்கை மூடினாள். கடித்தாள். தொட்டிப் பக்கம் நின்ற ஆண்கள் இரண்டு பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அவள் மென்றாள். தொண்டை ஒருமுறை மேலே வந்து, திரும்பிக் கீழே போயிற்று. மூக்கிலிருந்து கையை எடுத்து இன்னொரு வாய் கடித்தாள், இன்னொரு வாய், கண்ணீரும் மூக்குநீரும் கேக்கின்மேல் ஒழுக ஒழுக, நிறுத்தாமல், கடைசித் தூளைத் தட்டிலிருந்து விரலால் ஒற்றி எடுக்கிறவரைக்கும் தின்றாள். நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தாள். முகம் கோணியது. பிறகு கண்ணைத் திறந்து ஒவ்வொருவராக எல்லோரையும் பார்த்தாள்.

"இவ்ளோ கேவலமா இருக்கே... பதினோரு வருஷத்துல ஒருத்தராவது என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"